மலைச் சரிவில் குடிநீர்: மானியமும் மக்கள் பங்கும்

போடிநாயக்கனூர் என்றவுடன் ஏலக்காய் வியாபாரமே எவருக்கும் நினைவுக்கு வரும். ஏலமலையில் விளையும் ஏலக்காய் இந்நகரின் ஏலக்கூடத்தில் விலை பேசப்பட்டுப் பல தேசங்களுக்கும் செல்கிறது. அம்மலையின் கிழக்குச் சரிவிலிருந்தே வைகையின் துணையாறான கொட்டக்குடி ஆறும், பல சிற்றோடைகளும் இறங்கி வருகின்றன. நீர் பிறக்கும் மலையில் வாழ்வோரே கோடையில் குடம் சுமந்து வெகுதூரம் நடப்பது பொருந்தாத காட்சியன்றோ?

கிராமக் குடிநீருக்கு அரசாங்கம் பொருளுதவி செய்வது புதிதன்று. 1954ஆம் ஆண்டில் தேசியக் குடிநீர், சுகாதாரத் திட்டம் தொடங்கப் பெற்றது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. 2019 ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தூய நீரைக் குழாய் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் தருவதை இலக்காகக் கொண்டது. தமிழ்நாட்டில் இதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாக ஏற்கும்படி வகுக்கப்பட்டது. இவ்வியக்கத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025-26ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

இம்மானியத்தில் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊருக்குள் அமையும் வேலைகளின் மூலதனச் செலவில், சமவெளிக் கிராமங்கள் நூற்றுக்குப் பத்தும், மலை, வனப் பகுதிக் கிராமங்கள் நூற்றுக்கு ஐந்தும் அளிக்க வேண்டுமென 2019ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. உதாரணமாக, 20 லட்சம் ரூபாய் வேலைக்கு மலைக் கிராமத்தின் பங்கு 1 லட்சம் ரூபாய். இதனைப் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தரலாம். வேலை செவ்வனே முடிந்தபின், அச்செலவில் நூற்றுக்குப் பத்து ஊக்கத்தொகையாகக் கிராமக் குடிநீர்க் குழுவுக்கு வழங்கவும் அந்நெறிமுறைகள் வகை செய்தன. மேற்சொன்ன வேலைக்கு இது 2 லட்சம் ரூபாய். எதிர்பாராத பழுதுகளைச் சரி செய்வதற்கான சுழல்நிதி இது. எடுத்த தொகையை ஊரார் மீண்டும் நிரப்பி வர வேண்டும். குழு உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும் என்பதும் விதி.

மானியம் கோருமுன் ஊரார் அறிய வேண்டிய முதல் விஷயம், தங்கள் ஊற்று எவ்வளவு நீர் தருகிறது என்பதாகும். ஐப்பசி, கார்த்திகையில் பொங்கி வழியும் ஊற்றைக் கண்டு திட்டமிட்டால் சித்திரையில் குழாய் வறண்டுவிடும். ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களில் அளப்பதே முறை. இதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டுவதில்லை. ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 15 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிரம்பினால், நாளொன்றுக்குக் கிடைப்பது 21,600 லிட்டர். வீட்டுக்கு ஐவர் வீதம் 80 வீடுகள் உள்ள ஊருக்குத் தேவை 22,000 லிட்டர். இரவில் ஊறும் நீரையும் தொட்டியில் சேமித்தாலன்றி அவ்வூருக்கு அவ்வூற்று ஏறக்குறையவும் போதாது. சேமித்தாலும் சற்றுக் குறையவே செய்யும். வேறோர் ஊற்றையும் சேர்க்க வேண்டுமென்பது இவ்வெளிய கணக்கினாலேயே விளங்கிவிடும்.

மலையில் நீரை இறைக்க மின்சாரம் தேவைப்படாத இடங்கள் பல உண்டு. மேலே ஊற்றைக் கட்டி மூடி, குழாய் வழியே இறக்கினால் நீர் தானே வரும். எனினும் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். 100 மீட்டர் இறக்கத்தில் சாதாரணக் குழாய் வெடித்துவிடக் கூடும். வழியில் அழுத்தத்தைத் தணிக்கும் இடைத்தொட்டிகள் அமைப்பது இதன் பொருட்டே. மதிப்பீட்டில் இத்தொட்டிகள் விடுபடாமல் பார்த்துக்கொள்வது குழுவின் கடமை.

குழாய் வனத்தின் ஊடே செல்ல வேண்டியிருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைக் குடிநீர்க் குழாய் போன்ற பொது வசதிகளுக்கு ஒதுக்க இடமுண்டு. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது என்பது நிபந்தனை.

ஊற்றுக்கு மேற்புறம் உள்ள நிலத்தையும் காக்க வேண்டும். ஏலத்தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்து மழையோடு கரைந்து இறங்கக் கூடும். ஊற்றைச் சுற்றி வேலியிட்டு, மேற்புறத்தில் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டி, அவ்வெல்லைக்குள் மருந்து தெளிப்பதில்லை எனத் தோட்டக்காரரும் ஊராரும் உடன்பாடு செய்துகொள்வது நலம். குளோரின் இட்ட நீர் கடைசி வீட்டுக் குழாயை அடையும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச்சு 22ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூட்டும் வழக்கம் உண்டு. பங்குனியில் வரும் அந்நாளுக்கு முன்பே ஊற்றை அளந்து, அவ்வளவைச் சபையில் எழுதி வைப்பார்களாக. மானியம் ஒருமுறை வரும். தண்ணீரோ தினமும் வர வேண்டும். கட்டிக் கொடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பாயினும், அளப்பதும் காப்பதும் ஊராரின் கையிலேயே உள்ளன.