எட்டும் தூரம், எட்டாத ஓடுபாதை

பயணிகள் விமானம் ஒன்றை வாங்கி, இருக்கைகளை அகற்றிவிட்டு, சோபாவும் கட்டிலும் போட்டுத் தனி விமானமாக்கிக்கொள்வது ஒரு வகை. முதல் வரைபடத்திலிருந்தே தனி ஜெட்டாக வடிவமைக்கப்பட்டு, கண்டம் விட்டுக் கண்டம் நிற்காமல் பறப்பவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையின் உச்சியில் மூன்றே நிறுவனங்கள் போட்டியிடுகின்றன: அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம், கனடாவின் பம்பார்டியர், பிரான்சின் டசோ. ஒரு விமானத்தின் விலை 7 கோடி டாலரைத் தாண்டும். இவற்றில் எது சிறந்தது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரே எண்தான்: ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் எத்தனை தூரம் போகும்? அந்த எண்ணை வைத்து இந்த விமானங்களைத் தரம் பிரிப்பது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தூரத்தைக் கூட்டுவதற்காக விமானத்தில் எவற்றையெல்லாம் பெரிதாக்குகிறார்களோ, அவையே அந்த விமானத்துக்குச் சில முக்கியமான விமான நிலையங்களின் கதவைச் சாத்துகின்றன. தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த விலை கண்ணில் படுவதில்லை.

போட்டி தொடங்கியது 1990களில். 1997இல் சான்றிதழ் பெற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் 5 சுமார் 12,000 கிலோமீட்டர் பறந்தது. அடுத்த இரண்டாண்டில் பம்பார்டியரின் குளோபல் எக்ஸ்பிரஸ் சேவைக்கு வந்தது. பிறகு ஏணிப்படிகள்தான். 2012இல் வந்த ஜி650, 12,960 கி.மீ. அதன் நீட்டித்த வடிவமான ஜி650ஈஆர், 13,890. 2018 டிசம்பரில் சேவைக்கு வந்த குளோபல் 7500, 14,260. 2024 மார்ச்சில் அமெரிக்கச் சான்றிதழ் பெற்ற ஜி700, 14,350. 2025 ஏப்ரலில் சான்றிதழ் பெற்ற ஜி800, 15,180. பம்பார்டியரின் பதிலான குளோபல் 8000, 14,800. டசோ மட்டும் இந்த ஓட்டத்தில் முந்தப் பார்க்கவில்லை. 2021இல் அது அறிவித்த ஃபால்கன் 10எக்ஸுக்குச் சொன்ன தூரம் 13,890தான். எண்ணின் மீதுள்ள பிடிப்பு எவ்வளவு என்பதற்குப் பம்பார்டியரே சாட்சி. 2018 மே மாதம் வரை குளோபல் 7500இன் பெயர் குளோபல் 7000. கடல் மைல் கணக்கில் தூரம் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது என்று தெரிந்ததும் பெயரையே 7500 என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. கேபினில் எட்டுப் பேர், எதிர்க்காற்றே இல்லாத வானம், வேறொரு விமான நிலையத்துக்குத் திரும்ப நேர்ந்தால் தேவைப்படும் எரிபொருள் கையிருப்பு, ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு, அதாவது மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகம். இதில் வேகத்தை மட்டும் 90 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் ஜி700இன் தூரம் 14,350இலிருந்து சுமார் 12,300 கிலோமீட்டராகச் சரிகிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இறக்கையின் மேற்புறத்தில் ஓடும் காற்று ஆங்காங்கே ஒலி வேகத்தையும் மிஞ்சி, அதிர்ச்சி அலைகளை உண்டாக்குவதால் இழுவை திடீரென ஏறுகிறது. பதின்மூன்று மணி நேரப் பயணத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம். அதற்குக் கொடுக்கும் விலை 2,000 கிலோமீட்டர். விற்பனைத் தாளில் தூரமும் வேகமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் அனுபவிக்க முடியாது.

சரி, மெதுவாகவே போவோம். 13,890க்கும் 15,180க்கும் இடையே இருக்கும் அந்த 1,300 கிலோமீட்டர் எந்தெந்த ஊர்களை இணைக்கிறது? நியூயார்க்கிலிருந்து ஹாங்காங் சுமார் 13,000 கி.மீ. துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் 13,400. சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,600. பணமும் வணிகமும் அதிகம் ஓடும் நீண்ட தடங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன; 2014இன் விமானமான ஜி650ஈஆரே காகிதக் கணக்கில் இவற்றை எட்டிவிட்டது. மறுபக்கம், நியூயார்க்–சிட்னி 16,000, லண்டன்–சிட்னி 17,000. இவை ஜி800க்கும் எட்டாதவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 161 பயணிகளுடன் ஏர்பஸ் ஏ350 விமானத்தில் நாள்தோறும் கடக்கும் சிங்கப்பூர்–நியூயார்க் தடம் 15,300 கி.மீட்டரைத் தாண்டுகிறது. உலகின் மிக நீண்ட தூரத் தனி ஜெட்டுக்கே, காற்றில்லாத வானில், அது ஒரு முழம் கூடுதல். ஆக, பத்தாண்டுப் போட்டி வாங்கித் தந்தது சிங்கப்பூர்–லாஸ் ஏஞ்சலஸ், சிங்கப்பூர்–சிகாகோ போன்ற சில தடங்களை மட்டுமே.

விலைக்கு வருவோம். தூரம் கூட வேண்டுமானால் எரிபொருள் கூட வேண்டும். எரிபொருள் என்றால் எடை. ஜி700 முழுக்க நிரப்பினால் அதன் தொட்டிகளில் இருப்பது 22,400 கிலோ. அந்த விமானம் தரையை விட்டு எழும்பக்கூடிய உச்ச எடை 48,800 கிலோ. குளோபல் 7500இன் உச்ச எடை 52,000 கிலோவைத் தாண்டுகிறது. நியூயார்க் மாநகருக்குத் தனி விமானத்தில் வருகிறவர்கள் பெரிதும் நாடுவது, மன்ஹாட்டனிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் நியூ ஜெர்சியில் உள்ள டெட்டர்போரோ விமான நிலையம். வழக்கமான பயணிகள் விமானம் எதுவும் அங்கே வருவதில்லை. தனி விமானங்களுக்கென்றே இயங்கும் இடம். அங்கே நெடுங்காலமாக ஒரு விதி உண்டு: 1,00,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45,360 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு அனுமதியில்லை. ஆகவே ஜி700 அங்கிருந்து கிளம்ப வேண்டுமென்றால் தன் உச்ச எடையில் ஏறக்குறைய 3,450 கிலோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைக்க இருப்பது எரிபொருள்தான். சராசரிக் கணக்கில் அது இரண்டரை மணி நேரப் பறத்தல்; 2,000 கிலோமீட்டருக்கு மேல். குளோபல் 7500 விட்டுக்கொடுக்க வேண்டியது 6,700 கிலோவுக்கும் மேல். விற்பனைத் தாளில் இந்த இரு விமானங்களுக்கும் இடையே 90 கிலோமீட்டர்தான் வித்தியாசம். டெட்டர்போரோவின் ஓடுபாதையிலோ இடைவெளி அதைவிடப் பல மடங்கு. கென்னடி அல்லது நூவர்க் விமான நிலையத்துக்குப் போனால் முழு எரிபொருளுடன் எழும்பலாம். ஆனால் தனி விமானம் வாங்குவதே அத்தகைய பெரிய நிலையங்களின் நெரிசலைத் தவிர்க்கத்தானே.

எடை ஒரு பூட்டு என்றால் இறக்கை இன்னொன்று. நீண்ட, ஒடுங்கிய இறக்கை குறைந்த இழுவையில் அதிகத் தூக்குவிசை தரும். அதனால்தான் தூரம் கூடக் கூட இறக்கையும் விரிந்துகொண்டே போகிறது. ஜி700இன் இறக்கை நுனிக்கு நுனி 31.4 மீட்டர், குளோபல் 7500இன் இறக்கை 31.7, ஃபால்கன் 10எக்ஸ் 33 மீட்டருக்கும் மேல். அமெரிக்காவில் கொலராடோ மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆஸ்பென், பனிச்சறுக்குக்குப் பேர்போன செல்வந்தர் ஊர். அந்த விமான நிலையத்தில் ஓடுபாதையும் அதன் பக்கத்து இணைபாதையும் நெருக்கமாக அமைந்திருப்பதால், 95 அடிக்கு, அதாவது 29 மீட்டருக்கு மேல் விரிந்த இறக்கை உள்ள விமானத்தை நெடுங்காலமாக அனுமதிப்பதில்லை. இந்த மூன்றும், முந்தைய தலைமுறை ஜி650உம், அந்த அளவைத் தாண்டியவை. ஒருபடி கீழே உள்ள குளோபல் 6500 சுமார் 28.7 மீட்டர், அது இறங்கலாம். உலகின் மிக விலையுயர்ந்த தனி ஜெட்டுகளுக்கு, அவற்றை வாங்கக்கூடியவர்கள் வீடு வைத்திருக்கும் ஊரில் இடமில்லை.

இந்த இடத்தில்தான் மூன்று நிறுவனங்களின் உண்மையான வேறுபாடு தெரிகிறது. கல்ஃப்ஸ்ட்ரீம் தன் இறக்கையின் முன் விளிம்பில் நகரும் பகுதி எதையும் வைப்பதில்லை. விளிம்பு வழவழப்பாக இருக்கும்; பழுதாக அங்கே எதுவும் இல்லை, எடையும் குறைவு. பம்பார்டியர் முன் விளிம்பில் நீண்டு இறங்கும் தகடுகளைப் பொருத்துகிறது. எடையும் சிக்கலும் கூடினாலும் குறைந்த வேகத்தில் இறக்கை நன்றாகத் தூக்கும். பலன்: மூன்று டன்னுக்கு மேல் கனமான குளோபல் 7500, முழு எடையில் 1,756 மீட்டரில் எழும்பிவிடுகிறது, ஜி700க்கு 1,827 மீட்டர் தேவை. லண்டன் நகர மையத்தை ஒட்டிய லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதையோ 1,508 மீட்டர்தான். வழக்கமான 3 பாகை அல்லாமல் 5.5 பாகை சரிவில் இறங்க வேண்டிய இடம். ஒரு விமானம் அங்கே இறங்கிவிடுவதாலேயே முழுத் தொட்டியுடன் கிளம்பவும் முடியும் என்றாகாது. டசோவின் பழைய ஃபால்கன் 8எக்ஸ் இந்த மூன்று இடங்களுக்கும் பொருந்துகிறது: உச்ச எடை 33 டன், இறக்கை 26.3 மீட்டர், லண்டன் சிட்டிக்கு அனுமதியும் பெற்றது. தூரம் 11,900 கிலோமீட்டர்தான். ஆனால் லண்டன்–சிங்கப்பூர் 10,900, நியூயார்க்–துபாய் 11,000. எந்தத் தரப்பட்டியலிலும் அது முதலிடத்துக்கு வராது. பலருக்கு அதுதான் பொருத்தமான விமானமாக இருக்கக்கூடும் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வானில் காற்றில்லாத நாள் ஏது? பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்றோட்டம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் மிஞ்சும். வழி நெடுக சராசரி 90 கி.மீ. எதிர்க்காற்று இருந்தாலே தூரத்தில் பத்து விழுக்காடு போய்விடும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்குக் குளிர்காலத்தில் போகிறவருக்கு 13,890 போதாது, 15,180 கைகொடுக்கும். இதை ஏற்கிறேன். அந்தத் தடத்தில் வாரந்தோறும் பறப்பவர் ஜி800 வாங்குவது அறிவுடைமை. ஆனால் இந்த வாதம் இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு நாளின் காற்று தின்னும் பத்து விழுக்காடு, போட்டி விமானங்களுக்கு இடையே இருக்கும் மொத்த வித்தியாசத்தைவிடக் கூடுதல். 14,260, 14,350, 14,800 என்று வரிசைப்படுத்தி ஒன்றை வென்றதாகவும் ஒன்றைத் தோற்றதாகவும் சொல்வதில் பொருளில்லை. 2019 மார்ச்சில் ஒரு குளோபல் 7500, சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் டூசான் வரை சுமார் 15,100 கிலோமீட்டர் நிற்காமல் பறந்தது. அதன் அதிகாரபூர்வத் தூரத்தைவிட 800 கி.மீ. கூடுதல், அதன் பிறகும் தொட்டியில் எரிபொருள் மிச்சம்.

இன்னொரு மறுப்பு வசதி பற்றியது. பதினாறு மணி நேரம் உள்ளேயே இருப்பவருக்குக் கேபின் காற்று முக்கியம். தூரத்துக்கான போட்டிதான் அதையும் மேம்படுத்தியது என்பார்கள். ஓரளவு உண்மை. 41,000 அடியில் பறக்கும்போது ஜி700இன் கேபினில் 2,840 அடி மலையின் காற்றழுத்தம். பயணிகள் விமானங்களில் 6,000 முதல் 8,000 அடி. 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 502 பேரை 20 மணி நேரம் வெவ்வேறு உயரத்துக்கு நிகரான அழுத்தத்தில் வைத்துப் பார்த்தது. 7,000, 8,000 அடியில் உடல் அசௌகரியம் கூடியது, அதுவும் மூன்று மணி நேரத்துக்குப் பிறகே. 6,000 அடிக்குக் கீழே இறங்க இறங்கக் கிடைக்கும் பலன் சுருங்குகிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன். 2,840 அடியா 2,691 அடியா என்று நடக்கும் இன்றைய போட்டி, உடலுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது.

வாங்குபவர் பணம், அவர் விருப்பம், நமக்கென்ன என்று கேட்கலாம். புகை எல்லோர் தலைக்கு மேலும்தான் போகிறது. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 26,000 தனி விமானங்களின் பயணங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2023இல் அவை வெளியிட்ட கரியமில வாயு 1.56 கோடி டன். அந்தப் பயணங்களில் 47 விழுக்காட்டுக்கு மேல் 500 கிலோமீட்டருக்கும் குறைவானவை. இது எல்லா அளவுத் தனி விமானங்களையும் சேர்த்த கணக்கு. நெடுந்தூர ஜெட்டுகள் சராசரியாக இதைவிட நீண்ட பயணமே போகும். இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கண்டம் தாண்டுவதற்காக வளர்த்த அந்த 31 மீட்டர் இறக்கையையும் பெரிய எஞ்சின்களையும் சிறு பயணத்துக்காகக் கழற்றி வைக்க முடியாது. உரிமையாளர் அடுத்த ஊருக்குப் போனாலும், எரிபொருளும் ஆளும் ஏறும் முன்பே சுமார் 25 டன் எடையுள்ள ஜி700 முழுதாகத்தான் எழும்ப வேண்டும்.