கட்டுரை ஏட்டில் கலக்கும் மொழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போ நகரிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழ் மாணவர்கள் எழுதும் ஆங்கிலத்தில், இலக்கணம் பிழைக்காதிருந்தும் ஆங்கிலத்துக்கு இயல்பில்லாத தொடர்கள் இடம்பெறும்போது, அவற்றுக்குக் காரணம் தாய்மொழியே என்று முடிவுகட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அத்தொடர்களின் மூலத்தை ஆராய்ந்தால், இம்முடிவு பெரும்பாலும் பொருந்தாதது என்பது தெளிவாகும்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தபோது, தோட்டத்துக்கு வந்தது தமிழ்க்கல்வி மட்டுமே. ஆங்கிலக் கல்வியோ 1895இல் தோன்றிய ஆங்கிலோ சீனப் பள்ளி, 1912இல் தோன்றிய செயின்ட் மைக்கேல் பள்ளி போன்ற ஈப்போ நகரப் பள்ளிகளில் இருந்ததால், லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம், தோட்ட நிர்வாகியான துரையும் எழுத்தரான கிராணியும் பேசும் மொழியாகவே நின்றது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. ஆகவே இன்று தமிழ்ப்பள்ளியில் தொடங்கும் மாணவர், இடைநிலைப் பள்ளியில் பாடங்களை மலாயில் பயின்று, ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கிறார்.

இதன் விளைவை 'ஐ சென்ட் மை மதர் டு தி மார்க்கெட்' என்னும் வாக்கியத்தில் காணலாம். அம்மாவை வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோய் விட்டதாக மாணவர் கருதி எழுதியதை, அம்மாவைச் சந்தைக்குப் போகச் சொல்லி அனுப்பியதாகவே இங்கிலாந்து வாசகர் புரிந்துகொள்வார். கடிதம் அனுப்புவதையும் ஆளைக் கொண்டுபோய் விடுவதையும் மலாயின் 'ஹந்தார்' என்னும் ஒரே வினை குறிப்பதால் நேர்ந்த மயக்கம் இது. அவ்வாறே, மாமாவுடன் ஈப்போவுக்குப் போனதைச் சொல்ல 'ஃபாலோ' என்று எழுதுவது, உடன் செல்வதையும் பின்தொடர்வதையும் சேர்த்துச் சுட்டும் 'இக்குட்' என்னும் மலாய்ச் சொல்லின் வழி வந்தது. தமிழோ 'அனுப்பினேன்', 'கொண்டுபோய் விட்டேன்' என்றும், 'பின்தொடர்ந்தேன்', 'உடன் போனேன்' என்றும் ஆங்கிலத்தைப் போலவே இவற்றை வேறுபடுத்துகிறது. எனவே வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், கருதிய பொருளைத் தமிழில் சொல்லுமாறு மாணவரைக் கேட்கும் ஆசிரியர், பிழையை அவரே கண்டுகொள்ள வழிசெய்கிறார். வகுப்பில் தமிழைத் தடுப்பவர்கள் இந்த அருமையான துணையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

தமிழால் நேரும் பிழைகளும் உண்டு. 'அவர்தான் சொன்னார்' என்பதை 'ஹி ஒன்லி டோல்ட்' என்று எழுதினால், அழுத்தம் காட்டும் 'தான்' மறைந்து, 'சொல்ல மட்டுமே செய்தார்' என்ற பொருள் தொனிக்கிறது. 'இட் வாஸ் ஹி ஹூ' என்று தொடங்கும் அமைப்பை அங்கே கற்பிக்க வேண்டும்.

கற்பவரின் பிழைகள், அவர் மொழியை எவ்வாறு உள்வாங்குகிறார் என்பதற்குச் சான்றுகள் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதினார். தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவே மாணவர் தமக்கென அமைத்துக்கொள்ளும் ஒழுங்கினை 1972இல் மற்றொரு மொழியியலாளரான லாரி செலிங்கர் 'இடைமொழி' என்னும் கருத்தால் விளக்கினார். பேராக் மாணவரின் இடைமொழியில் மலாயும் கலப்பதால், ஆசிரியர் இரு மூலங்களையும் அறிந்திருப்பது இன்றியமையாதது. அதே வேளையில், 'சென்ட்', 'ஃபாலோ' ஆகியவற்றின் இப்பொருள்கள் மலேசியப் பேச்சாங்கிலத்தில் வேரூன்றியவை. நண்பர்களிடையே எவருக்கும் குழப்பம் தராதவை. அங்கே அவற்றைத் திருத்தத் தேவையில்லை. தேர்வுக் கட்டுரையிலும் வேலை விண்ணப்பத்திலும் எதை மாற்றி எழுத வேண்டும் என்று காட்டினால் போதும்.