மூட்டைக்குள் நுழையும் கதிர்

பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லாயினும், நெல்லறுத்த வயலில் எடுத்த உளுந்தாயினும், களத்தைவிட்டு வீட்டுக்குள் வந்தபின் அதற்கு வேறொரு பகை காத்திருக்கின்றது. அரிசி மூக்குவண்டின் பெட்டை, மணியில் நுண்ணிய துளையிட்டு, ஒரு முட்டையை வைத்து, பசைபோன்ற பொருளால் துளையின் வாயை மூடிவிடுகின்றது. பொரித்த புழு மணியைத் தின்றே வளர்ந்து வண்டாக வெளிவரும் வரையில் பார்ப்பவர்க்கு ஒன்றும் புலப்படாது. வெளியே திரியும் வண்டைப் புடைத்து அகற்றலாம். உள்ளிருக்கும் புழுவை என் செய்வது?

கோபால்ட்-60 என்னும் பொருளினின்று வெளிப்படும் காமாக் கதிர்கள் சாக்கையும் உமியையும் ஊடுருவிச் சென்று, புழுவின் உயிரணுக்கள் பெருகுவதற்கான மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. விரைந்து வளரும் முட்டையும் இளம்புழுவும் எளிதில் மடியும். முதிர்ந்த வண்டோ உடனே சாவதில்லை. சில நாள் ஊர்ந்து திரியும். ஆயினும் அது மலடாகிவிடும். மறுநாள் மூட்டையில் உயிருள்ள வண்டைக் கண்டு, முறை பலிக்கவில்லை என்று கைவிடுதல் தகாது. தானியத்திற்கு நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் கதிரளவு 0.25 முதல் 1 கிலோகிரே வரை.

அத்தகைய அரிசி நஞ்சாகாதா என நேயர்கள் அஞ்சக்கூடும். விளக்கை அணைத்தபின் சுவர் ஒளிர்வதுண்டோ? அதுபோலவே காமாக் கதிர் பட்ட தானியத்திலும் கதிரியக்கம் தங்குவதில்லை. 10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் தீங்கில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் முதலியவற்றின் கூட்டு வல்லுநர் குழு 1980-இல் முடிவுரைத்தது. அவ்வாண்டில்தான் ஒடெசாத் துறைமுகத்தில், மணிக்கு 400 டன் தானியத்தின்மீது எலெக்ட்ரான் கதிரைப் பாய்ச்சும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

இந்தியாவில் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தார் இதில் நெடுங்காலமாக உழைத்துள்ளனர். 2000-இல் நவி மும்பையில் மசாலைப் பொருள்களுக்கும், 2002-இல் லாசல்காவில் வெங்காயத்திற்கும் நிலையங்கள் அமைந்தன. தானியம் மட்டும் பின்தங்கியே நிற்கின்றது. நிலையத்தின் செலவும் ஏற்றுகூலியும் மிகுதி. பாஸ்பீன் புகையோ மலிவு. ஆனால் அப்புகையைத் தாங்கும் வண்டுகள் பெருகிவருவதால் இக்கணக்கு என்றும் இப்படியே இராது என்பது என் கருத்து.

கதிரூட்டிய மூட்டைக்குக் காவல் நீடிப்பதில்லை. ஓட்டைச் சாக்கானால் புதிய வண்டு புகுந்துவிடும். விதைநெல்லை இம்முறைக்கு உட்படுத்தவே கூடாது. வண்டின் கருவைக் கெடுக்கும் கதிர் நெல்லின் முளையையும் விட்டுவைப்பதில்லை. விதைக்கு, ஈரம் 13 விழுக்காட்டுக்கு மேற்படாமல் வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் வைக்கும் பழைய முறையே ஏற்றது.