மீனும் மின்னும்: இணையத்தில் தமிழ் எழுத்து

ஆள் பாதி, ஆடை பாதி என்பர். எழுத்துக்கும் அஃது ஒக்கும். இக்காலத்து மாணாக்கர் பலர் தமக்கென ஓர் இணையத்தளம் அமைக்க விழைகின்றனர். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பற்றியோ, வாவிக்கரை வாழ்வைப் பற்றியோ எழுத முற்படும் இளைஞர்முன் முதலில் எழும் வினா, எந்த எழுத்துருவைக் கொள்வது என்பதே. செரிப் நன்றோ? சான்ஸ் செரிப் நன்றோ?

ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியுமிடத்தில் சிறு கால்கள் இருப்பின் அது செரிப்; இன்றேல் சான்ஸ் செரிப். உரோமாபுரியில் கி.பி. 113இல் எழுந்த திராயன் தூணின் கல்வெட்டிலேயே அக்கால்களைக் காணலாம். 1932இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கென ஆக்கப்பட்ட டைம்ஸ் நியூ ரோமன் முன்னதற்குச் சான்று. 1957இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, பின்னர் ஹெல்வெற்றிக்கா எனப் பெயர்பெற்ற எழுத்துப் பின்னதற்குச் சான்று.

தமிழுக்கு இப்பிரிவு அப்படியே பொருந்துமோ? பொருந்தாது. ஓலையில் எழுத்தாணியாற் கீறி வளர்ந்த நம் எழுத்துக்கு வளைவும் சுழியுமே அழகு. ஆங்கிலத்தைப் போன்ற கால்கள் அதற்கு இயல்பல்ல. கோடு தடித்தும் மெலிந்தும் செல்கின்றதா, ஒரே தடிப்பாய்ச் செல்கின்றதா என்பதே இங்குள்ள வேறுபாடு. கூகிள் நிறுவனத்தின் நோட்டோ செரிப் தமிழ் முதல் வகை. நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டாம் வகை.

இவற்றுள் எதனைத் தெரிவது? அழகினும் முதன்மையானது தெளிவு. புள்ளியிட்டால் ஓலை கிழியும் என அஞ்சிய முன்னோர் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். எகர ஏகார வேறுபாடும் ஏட்டில் மறைந்தே கிடந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பிற்குச் சுழியிட்டு நெடிலைப் பிரித்துக் காட்டினார். அச்சுழியை இன்று திரையில் நாமே தொலைத்துவிடலாமா?

மெல்லிய கோடு சிறிய கைத்தொலைபேசியில் மங்கிவிடும்; மிகத் தடித்த கோடோ சுழியையே அடைத்துவிடும். நம் நாட்டை 'மீன்பாடும் தேன்நாடு' எனப் போற்றுகின்றோம். சுழிகள் இரண்டு மறைந்தால் அது 'மின்பாடும் தென்நாடு' ஆகிவிடும்! கோயில் விளம்பரத்தில் கொடியேற்றம் கோடியேற்றமாகத் தோன்றினால் ஊர் நகையாதோ?

ஆகவே மாணாக்கர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மீன், மின், தேன், தென், கொடி, கோடி என்னும் சொற்களை இருவகை எழுத்திலும் சிறிதாக அமைத்து, கைத்தொலைபேசியில் வெயிலிற் பிடித்து, வீட்டிலுள்ள பாட்டியாரிடம் காட்டுக. அவர் தடையின்றிப் படிப்பது எதுவோ, அதுவே உடலெழுத்துக்கு உரியது. தடிப்பும் மென்மையும் கலந்த எழுத்தைப் பெரிய தலைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நம் எழுத்துக்கள் மேலும் கீழும் நீள்வன. ஆதலின் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுக.

இன்னொன்றும் கருதத்தக்கது. இலங்கை அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்குற்ற பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதியவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். தமிழ்ச் சொல்லிட்டுத் தேடுவோர்க்கும் அவை அகப்படா. யூனிக்கோடு முறையில் எழுதினாலே நம் கூத்தும் பாட்டும் கடல்கடந்து வாழும் உறவினரைச் சென்றடையும்.

எழுத்து அறிவின் வாயில். வாயில் அழகாயிருத்தல் நன்று. எல்லார்க்கும் திறந்திருத்தல் அதனினும் நன்று.