பரிந்து பேசுவோர் முதலில் கேட்கவேண்டியது

நோயுற்ற முதியோரைச் சந்தித்தல் போதகரின் கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் சந்திக்கும்பொழுது நாம் யாரிடம் பேசுகிறோம்? கட்டிலில் கிடப்பவரின் தலைக்கு மேலாக, அருகில் நிற்கும் தாதியிடமோ மகனிடமோ, "இன்று சாப்பிட்டாரா?" என்று வினவி, ஜெபித்துத் திரும்புவதே நம்மிற் பலருடைய வழக்கம். இவ்வழக்கத்தின் குறை யாது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது.

அந்நாட்டில் 'நர்சிங் ஹோம்' எனப்படுவது நம் ஊர்களில் அப்பெயர் தாங்கி நிற்கும் சிறு மருத்துவமனையன்று. எழவும் உண்ணவும் பிறர் துணை வேண்டுவோர் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழும் இல்லமாகும். 1980களில் இவ்வில்லங்களில் வாழ்ந்தோரில் பத்தில் நால்வர் வரை நாற்காலியிலோ கட்டிலிலோ வாரினாற் கட்டப்பட்டிருந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. விழாதிருக்கவே கட்டினோம் என்பது நிர்வாகத்தாரின் விளக்கம். அதைப் பொய் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் கட்டுண்டவரின் தசைகள் தளர்ந்தன. படுக்கைப் புண்கள் தோன்றின. சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றிற்று. வாரிற் சிக்கி மூச்சுத் திணறி இறந்தோரும் உண்டு. கட்டவிழ்த்தபின் எழ முயன்றவர் முன்னிலும் எளிதாக விழுந்தார். விழுந்ததே அவரை மறுபடியும் கட்டுவதற்குக் காரணமாயிற்று!

இந்நிலையை எதிர்த்தோரில் மேகி கூன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஊழியரான இவர், 65 வயதாயிற்று என்பதற்காக 1970இல் அத்திருச்சபையாலேயே ஓய்வு பெறச் செய்யப்பட்டவர். (திருச்சபையினர் சற்றே நாணத்தோடு நினைவுகூரவேண்டிய செய்தி இது.) அவர் தொடங்கிய 'கிரே பாந்தர்ஸ்' இயக்கத்தோடு பணியாற்றிய எல்மா ஹோல்டர், 1975இல் இல்லச் சீர்திருத்தத்திற்கென ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கினார். இக்கூட்டமைப்பு 1985இல் செய்த காரியம் எளியது, ஆனால் அதுகாறும் பெரும்பாலும் எவரும் செய்யாதது. 15 நகரங்களில் 400க்கும் மேற்பட்ட இல்லவாசிகளிடமே சென்று, நல்ல பராமரிப்பு என்பது யாது என்று கேட்டது. பணியாளர் தம்மிடம் நடந்துகொள்ளும் முறையையே அவர்கள் முதன்மையாகக் கூறினர்.

1987இல் நிறைவேறிய சட்டம் அவர்களுடைய உரிமைகளை வரையறுத்தது. தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ ஒருவரைக் கட்டுதல் கூடாது. மருந்தினால் மயக்கி வைத்தலும் கூடாது. கடிதத்திலும் தொலைபேசியிலும் அந்தரங்கம் காக்கப்படவேண்டும். பழிவாங்கப்படுவோமென்ற அச்சமின்றி முறையிடலாம். இல்லத்தினின்று ஒருவரை வெளியேற்றுவதற்குப் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இதன்பின் வார்கள் பெரிதும் குறைந்தன. மருந்தோ எளிதிற் குறையவில்லை. 2011இன் இறுதியிலும் நெடுங்காலம் தங்கியிருந்தோரில் ஏறக்குறைய 24 விழுக்காட்டினர் மனநோய்க்குரிய கடும் மருந்துகளை உட்கொண்டு வந்தனர். வார் கண்ணுக்குத் தெரியும், மாத்திரை தெரிவதில்லை.

இல்லவாசிகளுக்காகப் பரிந்து பேசுவதற்கென்றே 'ஆம்பட்ஸ்மன்' என்னும் அலுவலர் உளர். 1972இல் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிய இத்திட்டம், 1978இன் சட்டத்திருத்தத்தால் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாயிற்று. அவர் பின்பற்றும் விதியே போதகராகிய நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. முறையிட்டவரின் சம்மதமின்றி அவர் யாரென்பதை வெளிப்படுத்தலாகாது, குடும்பத்தாரிடத்திலும் அப்படியே. தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. ஆனால் தெளிந்த அறிவுடைய மூதாட்டி ஒருவர், தாதியருக்கு அஞ்சி, "வேண்டாம், ஐயா" என்பாராயின், ஆம்பட்ஸ்மன் அவருடைய பேரில் எங்கும் வழக்குரைப்பதில்லை. நம்மிற் சிலர் இதனைக் கோழைத்தனம் என்பர். நாமும் முன்பு அவ்வாறே எண்ணினோம். அவரோ மறுபடியும் வந்து, அக்கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மூதாட்டியிடமே திரும்பக் கேட்கிறார்.