சேற்றுழவும் டிராக்டரின் கியர் எண்ணெயும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் குறுவைச் சாகுபடிக்கென மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறிக்கப்பெற்ற நாள் ஜூன் 12 ஆகும். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்த பின், வயலைச் சேறாக்கி நடவுக்குத் தகுதியாகச் செய்ய விவசாயிக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம். குறுகிய கால நெல் வகைகளின் நாற்று பருவம் கடந்து நாற்றங்காலில் நின்று முதிருமாயின், தூர் கட்டுதல் குறைந்து மகசூலும் குறையும். ஆகையால் அந்நாட்களில் ஒரு டிராக்டர் பத்து நாள் ஓடாமல் நிற்பது அதன் உடைமையாளருக்கு மாத்திரம் நேர்ந்த நஷ்டமன்று. அதை நம்பி நாற்று விட்ட அண்டை நிலத்தார் அனைவருக்கும் நேர்ந்த நஷ்டமாகும்.

எஞ்சினைப் பற்றி உடைமையாளர்கள் பெரும்பாலும் எச்சரிக்கையாகவே இருக்கின்றனர். காலையில் வண்டியைக் கிளப்புமுன் எஞ்சின் எண்ணெயைக் குச்சியிட்டுப் பார்க்கும் வழக்கம் இப்பொழுது எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் ஓட்டுநரின் ஆசனத்திற்குக் கீழே, கியர் பெட்டியிலும் பின் அச்சிலுமாகச் சேர்ந்து முப்பது, நாற்பது லிட்டர் எண்ணெய் உள்ளதென்பது பலருக்கு நினைவு வருவது, அது கெட்டுப்போன பின்னரே. எஞ்சினில் நேரும் பழுது புகையாலும் சப்தத்தாலும் விரைவில் தன்னைத் தெரிவித்துவிடும். கியர் பெட்டியில் நேரும் பழுதோ மாதக்கணக்கில் மறைந்திருந்து, வேலை மும்முரமான ஒரு நாளில் வெளிப்படும். அப்பொழுது வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாலன்றி உள்ளே கையிடவும் இயலாது. பின் அச்சிலுள்ள கிரௌன் வீல், பினியன் என்னும் இரு சக்கரங்களுள் ஒன்று பழுதுபட்டாலும், அவை ஒன்றுக்கொன்று இசையச் செய்யப்பெற்ற ஜோடியாதலால், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். அச்செலவோடு ஒப்பிட்டால் எண்ணெயின் விலை பெரிதன்று.

டிராக்டரின் பின்பக்கத்து எண்ணெய் மோட்டார் காரின் கியர் எண்ணெயைப் போன்று ஒரே வேலையை மட்டும் செய்வதன்று. ஹாரி பெர்குஸன் என்பார் ஹென்றி போர்டுடன் சேர்ந்து 1939-ல் அமெரிக்காவில் வெளியிட்ட டிராக்டரில், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பைப் பின்புறக் கூட்டின் உள்ளேயே அமைத்து, கியர்களை நனைக்கும் எண்ணெயையே அப்பம்பும் உறிஞ்சுமாறு செய்தார். 1946 முதல் இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் செய்யப்பெற்ற பெர்குஸன் டிராக்டரும் அம்முறையையே பின்பற்றியது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களிற் பலவற்றுள்ளும் இந்த ஏற்பாட்டைக் காணலாம். ஹைட்ராலிக் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உடையவையும் சில உண்டு. பிரேக் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகைகளில் பிரேக்குக்கும் இதே எண்ணெய் உதவுகிறது. எனவே, ஒரே எண்ணெய் கியர்களைக் காத்து, பாரம் தூக்கி, பிரேக்கின் உஷ்ணத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதனுள் சேறோ நீரோ புகுந்தால் மூன்றும் ஒருங்கே கெடும்.

எண்ணெய் மட்டம் பார்த்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையைக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் சென்றபின் மட்டம் பார்த்தல் வேண்டும். தூக்குங்கை மேலே நிற்குங்கால் ஒரு பகுதி எண்ணெய் சிலிண்டரில் தங்கிவிடுமாதலால், குச்சி குறைவாகவே காட்டும். அதைக் கண்டு மேலும் ஊற்றியவர், கையை இறக்கியபின் எண்ணெய் மிகுந்திருப்பதைக் காண்பர். டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்களும் டிரெய்லரை இறக்கிவிட்டே பார்க்க வேண்டும். டிரெய்லர் குழாயின் இணைப்பைத் துடையாமல் மாட்டுவதனால் மண் நேரே கியர் பெட்டிக்குள் செல்கிறதென்பதையும் அவர்கள் அறிதல் நலம்.

குச்சியை எடுத்துப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மறுபடி இட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் குச்சியைத் திருகி முடுக்கிய பின்னும், வேறு சிலவற்றில் முடுக்காமல் நிறுத்தி வைத்தும் பார்க்குமாறு கைப்புத்தகத்தில் சொல்லியிருக்கும். இவ்விரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சமன்று. மட்டம் மிகக் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், கலப்பை விட்டுவிட்டுத் தூக்கும். மிகுந்தாலும் நுரைக்கும், அச்சின் ஓரத்து ஆயில் சீல்களைத் தாண்டிக் கசியும், உலர்ந்த பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக்கை நனைத்து அதைப் பயனற்றதாக்கும்.

எஞ்சின் எண்ணெய் சிறிது சிறிதாக எரிந்து குறைவது இயல்பு. கியர் எண்ணெய் எரிவதில்லை. ஆகவே மட்டம் குறைந்தால் எங்கோ கசிவு உண்டென்றே கொள்ள வேண்டும். வாரந்தோறும் சிறிது ஊற்றிச் சரிக்கட்டுவது பரிகாரமாகாது. மட்டம் உயர்ந்திருக்கக் கண்டால், எண்ணெய் குறையவில்லையே என்று ஆறுதல் கொள்பவரும் உளர். யாரும் ஊற்றாதிருக்க மட்டம் உயர்வதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளே தண்ணீர் புகுந்ததையே. குறைவைக்காட்டிலும் இதுவே அஞ்சத்தக்கது.

தண்ணீர் புகும் வழி

புன்செய் உழவில் இத்தொல்லை அரிது. சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டிய வண்டியின் பின் அச்சு, பல மணி நேரம் சேற்றையும் நீரையும் ஒட்டியே ஓடுகிறது. உழைப்பினால் கூட்டின் உள்ளே எண்ணெயும் காற்றும் சூடேறி விரிகின்றன. அச்சூடான கூடு ஆழமான தண்ணீரில் இறங்கியோ, வேலை முடிந்து நனைந்தபடி நின்றோ குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையேனும் இழுக்கும். இதற்கெனவே கூட்டின் மேற்புறத்தில் மூச்சுத்துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அத்துளையைச் சேறு அடைத்திருந்தால், காற்றுக்குப் பதிலாகச் சீலின் விளிம்பு வழியே சேற்று நீர் உள்ளே செல்லும். அச்சைச் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் கோரையும் சீலின் விளிம்பை அறுத்துவிட்டால் சொல்லவே வேண்டுவதில்லை. கிழிந்த கியர் கம்பி ரப்பர் உறை, முடுக்காமல் விட்ட எண்ணெய்க் குச்சி ஆகியவற்றின் வழியாக மழை நீரும் இறங்கும். மாலையில் வண்டியைக் கழுவுவோர், அழுத்தமான நீரை மூச்சுத்துளையின்மீதும் சீல்களின்மீதும் நேராகப் பாய்ச்சுவதும் தவறு.

ஆதலால் சேற்றுழவு நடக்கும் நாட்களில் அன்றாடம் மாலையில் அச்சில் சுற்றிய புல்லை அறுத்தெடுப்பதும், மூச்சுத்துளையைத் துடைப்பதும், மறுநாட் காலையில் எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதும் ஓட்டுநரின் கடமையாக விதிக்கப்பட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் போதும்.

நல்ல எண்ணெய் தேன்போலத் தெளிந்திருக்கும். பழகியது சற்றுக் கருத்திருக்கும். நீர் கலந்தது பாலூற்றிய தேநீர் போல வெளுத்துக் கலங்கியிருக்கும். வண்டி ஓடி நின்றவுடன் காற்றுக் குமிழிகளாலும் இத்தகைய தோற்றம் உண்டாகக்கூடும். ஆதலின் இரவு முழுதும் நின்ற வண்டியின் எண்ணெயைக் கண்டே நிச்சயிக்க வேண்டும். ஐயம் இருப்பின், சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஒரு நாள் வைத்தால் தனித்திருக்கும் நீர் அடியில் தங்கும். எண்ணெயோடு நன்றாகக் குழைந்துவிட்ட நீர் அவ்வாறு பிரியாது. அதற்கு, நன்கு காய்ந்த பழைய இரும்புத் தகட்டின்மேல் இரண்டொரு துளி விட்டுப் பார்க்கலாம். நீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். இதனை வைக்கோற்போருக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் தொலைவில், முகத்தை விலக்கி நின்று செய்தல் வேண்டும்.

மாற்றத் தகுந்த காலம்

சுமார் 1000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கொருமுறை, எது முந்துகிறதோ அப்பொழுது எண்ணெயை மாற்றுமாறு பல கைப்புத்தகங்களில் கண்டிருக்கும். புதிய வண்டிக்கு முதல் மாற்றம் மிக முன்னதாகவே வரும். ஹைட்ராலிக் வடிகட்டியின் கணக்கு வேறு; அதை எண்ணெய்க்கு முன்னரே பலமுறை கவனிக்க வேண்டியிருக்கும். தத்தம் வண்டிக்குரிய புத்தகத்தில் கண்டதே பிரமாணம்.

ஆயினும் சேற்றில் உழைக்கும் வண்டிக்கு மணிக்கணக்கு மாத்திரம் போதாது. சாகுபடி தொடங்குமுன் எண்ணெய் மாற்றி, வேலை முடிந்தபின் அப்படியே கொட்டகையில் விட்டுவிடுவது பலருடைய வழக்கம். இது தலைகீழான முறை. வேலை நடக்குங்கால் கியர்கள் சுழன்று எண்ணெயைப் பூசிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்கத் தொடங்கியபின் எண்ணெய் வழிந்து இறங்க, நீர் அடியில் தங்கிப் பேரிங்குகளையும் பல்சக்கரங்களையும் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய பேரிங்கு அடுத்த பருவத்தில் பொடிந்து, அதன் துகள் மற்றவற்றையும் அரைக்கும். எனவே எண்ணெய் வெளுத்திருந்தால் மணிக்கணக்கை எதிர்பாராமல், சேற்றுழவு முடிந்த அந்த வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். குறுவைக்கும் தாளடிக்கும் இடையே கிடைக்கும் நாட்களை இதற்குப் பயன்படுத்தலாம்.

மாற்றும் முறை

எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் அழுக்கோடு நன்றாக வடியும். ஆதலால் வண்டியைச் சிறிது நேரம் ஓட்டிவந்து, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, தூக்குங்கையை இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் உழுது வந்தவுடன் திறந்தால் கை வெந்துபோகும். வடிதிருகுகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதுண்டு. கியர் பெட்டியின் கீழும் பின் அச்சின் கீழும் உள்ள எல்லாவற்றையும் திறந்தாலன்றிப் பழைய எண்ணெய் முழுதும் வெளிவராது. ஒன்றைத் திறந்து, வந்ததே போதுமென்று மூடிவிடுவது கடைத்தெருப் பட்டறைகளில் காணப்படும் குறை. உடைமையாளர் அருகிருந்து பார்த்தல் நலம்.

திருகில் காந்தம் வைத்திருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மைபோன்ற சாம்பல் நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சில்லோ, பல்லின் துண்டோ இருந்தால், புதிய எண்ணெய் ஊற்றி மறைக்காமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பின்பு வடிகட்டியை மாற்றி அல்லது கழுவி, திருகின் வாஷரைப் புதிதாக இட்டு முடுக்கிவிடலாம். நீர் கலந்திருந்த வண்டியாயின், சீலையும் மூச்சுத்துளையையும் முதலிற் சரிசெய்யாமல் எண்ணெய் மாற்றுவது வீண். அச்சின் இரு கோடிகளிலும் வெளுத்த எண்ணெய் தங்கிவிடுவதால், புதியது ஊற்றிச் சில நாள் ஓட்டியபின் மறுபடியும் வெளுக்குமானால் இன்னொரு முறையும் வடிக்க வேண்டிவரும்.

எந்த எண்ணெய் ஊற்றுவதென்பதில் கடைக்காரர் சொல்லையோ, பக்கத்து வீட்டார் வண்டியையோ பின்பற்றலாகாது. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்கு யு.டி.டி.ஓ. எனப்படும் டிராக்டர் எண்ணெயைப் புத்தகம் குறித்திருக்கும்; அதற்குப் பதிலாகச் சாதாரணக் கியர் எண்ணெயை ஊற்றினால் பிரேக் அலறும், அல்லது நழுவும். லாரிகளின் பின் அச்சுக்குரிய ஜி.எல். 5 தரம், ஜி.எல். 4-ஐவிட எண்ணிக்கையில் பெரிதாதலால் உயர்ந்ததென்று சிலர் வாங்குகின்றனர். அதில் சேர்க்கப்பெறும் கந்தக மருந்துகள் வெண்கல உறுப்புகளை அரிக்கக்கூடும்; புத்தகம் சொன்னாலன்றி அது வேண்டா.

அளவுப்படி ஊற்றியபின் எஞ்சினைக் கிளப்பி, தூக்குங்கையைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கி, மறுபடி நிறுத்தி மட்டம் பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும். மறுநாட் காலையிலும் ஒருமுறை பார்ப்பது நலம்.

கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் டிராக்டர் உள்ள கிராமங்களில், ஓட்டுநர்கள் மாறிமாறி வருவதால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. மணிமானியில் கண்ட எண், எண்ணெயின் பெயர், ஊற்றிய லிட்டர், காந்தத்தில் கண்டது, எண்ணெயின் நிறம் ஆகிய ஐந்தையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி ஓட்டுநரிடம் கையொப்பம் பெறுவது சங்க அதிகாரிகள் வற்புறுத்த வேண்டிய காரியம். வாடகைக்கு விட்ட ஏக்கர்க் கணக்கு ஒழுங்காக எழுதப்படும் புத்தகத்தில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குவது சிரமமன்று.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ களத்து மேட்டிலோ கொட்டுவது தகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய எண்ணெயையும் கட்டுப்படுத்துகின்றன. அதை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைத்து, அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பாளருக்குச் செல்லும் வழியில் ஒப்படைக்க வேண்டும். நீர் கலந்த எண்ணெயை வேறு தகரத்தில் தனியாக வைப்பது நல்லது.