உங்களுக்குத் தெரியுமா? கட்சியில்லாமல் முதல் மந்திரி ஆனவர்

சென்னை மாகாணத்தில் ஒரு காலத்தில் எந்தக் கட்சியையும் சேராத ஒருவர் முதல் மந்திரியாக இருந்தார். அவர் பழைய சேலம் ஜில்லாக்காரர்தான்! திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன்.

1926 தேர்தலில் அதிக இடம் பிடித்தது சுயராஜ்யக் கட்சி. வெள்ளைக்காரன் ஆட்சியில் பதவி வேண்டாம் என்று அது ஒதுங்கிக்கொள்ள, கவர்னர் கோஷன் சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார். 1928-இல் சைமன் கமிஷன் தகராறில் மற்ற இரு மந்திரிகளும் விலகினார்கள். இவர் மட்டும் அசரவில்லை. புது மந்திரிகளைச் சேர்த்துக்கொண்டு 1930 வரை ஓட்டினார். கெட்டிக்காரர்!

பின்பு காங்கிரசில் சேர்ந்து, 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டம், கல்வி இலாகாக்களைக் கவனித்தார். நடுவில் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர் பதவி வேறு.

வீட்டுக்குள்ளேயே ஒரு சட்டசபை நடந்திருக்கும் போல. 1957 மக்களவைத் தேர்தலில் திருச்செங்கோட்டில் இவர் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். கோவையில் மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்டாக வென்றார். அப்பா ஆளுங்கட்சி, மகள் எதிர்க்கட்சி! மகன் பி. பி. குமாரமங்கலம் 1966-இல் இந்தியத் தரைப்படைத் தளபதி ஆனார். அதைப் பார்க்கச் சுப்பராயன் இல்லை. 1962-இல் மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோதே காலமாகிவிட்டார்.